தோப்பு மலையடியில் இருக்கட்டும், குடித்தனம் ஊரில் இருக்கட்டும்



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்க் கடைவீதிகளிலும் இப்போது பருப்பு விலை, எண்ணெய் விலைக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது மலையடிவார நில விலைதான். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்து, கடைக்கு மேலேயும் பின்னேயும் உள்ள சின்ன வீடுகளில் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த பிறகு, 'மேற்கே ஒரு இடம் வாங்கி, காற்றோட்டமாக ஒரு வீடு கட்டிப் போய்விட்டால் என்ன? கடைக்குத் தினமும் வண்டியில் வந்து போகலாமே' என்ற ஆசை நம்மவர்கள் பலருக்கு வந்திருக்கிறது. நிலத் தரகர்களும் நான்குவழிச் சாலையைக் காட்டி, மலையைக் காட்டி, சென்ட் கணக்கில் விலை பேசுகிறார்கள்.

ஆசை தவறல்ல. விடியற்காலையில் கடை திறந்து, இரவு கல்லாவை எண்ணி முடித்துப் படுக்கிற மனிதனுக்கு, மாமரத்து நிழலில் ஒரு கட்டில் போட்டுப் படுக்க வேண்டும் என்று தோன்றுவது இயற்கையே. ஆனால் எந்தச் சரக்கையும் மாதிரி பார்க்காமல், எடை பார்க்காமல் வாங்காத நாம், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் நிலத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காற்றை நம்பி வாங்கிவிடக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டும் அல்ல.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலையடியில் தோப்பு வாங்குங்கள், முறையாக வாங்குங்கள். ஆனால் கடையை நம்பிப் பிழைக்கும் சில்லறை வியாபாரி குடித்தனத்தை அங்கே மாற்றுவது நல்லதல்ல. நம் ஊர் முன்னோர்கள் தோப்பை மலையடியில் வைத்தார்கள், வீட்டை ஊரில் வைத்தார்கள். காய்ப்புக் காலத்தில் காவலுக்கு ஆள் போட்டார்களே தவிர, பெண்டு பிள்ளைகளோடு அங்கே குடி போகவில்லை. வசதி இல்லாமல் அப்படிச் செய்தவர்கள் அல்ல அவர்கள். கணக்குத் தெரிந்து செய்தவர்கள்.

வண்டிக் கணக்கு

ஊரிலிருந்து மலையடி 10, 12 கிலோமீட்டர்தான், மெட்ராசில் இதைவிடத் தூரம் போய் வருகிறார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மெட்ராசில் அலுவலகம் போகிறவர் காலையில் போய் மாலையில் வருகிறார். பலசரக்குக் கடைக்காரர் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, கண் அயர்ந்து, மறுபடி கடைக்குப் போகிறவர். ஒரு நாளைக்கு நான்கு நடை. 12 கிலோமீட்டர் என்று வைத்தால் 48 கிலோமீட்டர். வருடத்தில் 300 நாள் கடை என்றால் 14,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 320 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் 32,000 ரூபாய். டயர், ரிப்பேர் தனி.

பணத்தைக் கூட விட்டுவிடலாம். நேரத்தைப் பாருங்கள். ஒரு நடைக்கு அரை மணி என்றால் நாளுக்கு இரண்டு மணி, வருடத்துக்கு 600 மணி. கடை நேரம் 12 மணி என்று கொண்டால் 50 நாள் கடையை மூடியதற்குச் சமம். ஐம்பது நாள் கடையை மூட நம்மில் யார் சம்மதிப்போம்?

மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்துவிடலாம் என்றால், இன்னொரு கேள்வி எழுகிறது. மதியம் கல்லாவில் உட்காருவது யார்? நம் சிறு கடைகளில் பாதிக்கு மேல் வீட்டுப் பெண்மணிகள் கை கொடுப்பதால்தான் நடக்கின்றன. கடைக்காரர் விருதுநகருக்கோ மதுரைக்கோ கொள்முதலுக்குப் போகும் நாளில் கடையைப் பார்ப்பது அவர்தான். மிளகு, சீரகம் பொட்டலம் கட்டுவது, பற்றுச் சிட்டை எழுதுவது, பாக்கி கேட்பது எல்லாம் அவர் கைவேலை. வீடு 12 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்தக் கை கடையை விட்டுப் போய்விடும். அதற்குப் பதில் சம்பளத்துக்கு ஒருவரை வைக்க வேண்டும். கல்லாவில் வைக்கத் தக்க ஆள் கிடைப்பது எவ்வளவு அருமை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவசரத்துக்கு நிற்கும் வாடிக்கையாளர் வேறு. இரவு பத்து மணிக்கு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் ஓமம் கொடுங்கள் என்று கதவைத் தட்டுகிறவர், மறுநாள் மாதச் சாமான் சீட்டையும் நம்மிடமே கொடுக்கிறார். பெரிய அங்காடிகளும் செல்போனில் ஆர்டர் எடுக்கும் கம்பெனிகளும் தர முடியாத ஒன்றே ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது இந்தப் பக்கத்துவீட்டு உறவு. வீடும் கடையும் ஒன்றாக இருப்பது நம் பேரேட்டில் எழுதப்படாத மூலதனம். அதை நாமே விலக்கி வைக்கலாமா?

முதல் முடங்கினால்

அடுத்தது பணம். 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு மாதம் ஒருமுறை சுழன்று, எல்லாச் செலவும் போக நூற்றுக்கு மூன்று ரூபாய் நின்றால், வருடத்தில் 3,60,000 ரூபாய் கைக்கு வரும். அதே 10 லட்சத்தைக் காலி நிலத்தில் போட்டால் அது படுத்திருக்கும். நாளை விலை ஏறலாம். ஆனால் ஏறிய விலையை நம்பி இன்று சரக்குப் போட முடியாது.

இதிலும் காலம் ஒன்று உண்டு. மாசி, பங்குனியில் புதுப்புளி வருகிறது, புதுவத்தல் வருகிறது. அந்த இரண்டு மாதத்தில் கையில் ரொக்கம் வைத்திருப்பவன் வருடம் முழுவதும் நிமிர்ந்து வியாபாரம் செய்கிறான். ரொக்கம் இல்லாதவன் ஆவணியில் மொத்தக் கடையில் கடன் சொல்லி வாங்கி, அடுத்தவன் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறான். நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் புளி வாங்கப் பணமில்லாமல் நிற்பது முதலுக்கே மோசம். வங்கியில் சரக்கின் பேரில் எடுத்த மிகைப்பற்றுக் கடனை நிலத்தில் போடுவது அதைவிட மோசம். வட்டி மாதா மாதம் ஓடும். மாமரம் வருடத்துக்கு ஒருமுறைதான் காய்க்கும், சில வருடம் அதுவும் காய்க்காது.

ஆகவே நிலம் வாங்குகிறவர் கடை முதலைத் தொடாமல், கொள்முதல் பணத்தைத் தொடாமல், மிச்சமாக நிற்கும் பணத்தில் மட்டும் வாங்க வேண்டும். மிச்சம் இல்லை என்றால் இன்னும் காலம் வரவில்லை என்று பொருள்.

பத்திரம் பேச வேண்டும், தரகர் அல்ல

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியவை பல. மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இவற்றில் பெரும்பாலானவற்றை இப்போது அரசு இணையதளங்களிலேயே பார்த்துவிடலாம். கடையில் இருக்கும் பையனிடம் சர்வே எண்ணைக் கொடுத்தால் அரை மணியில் எடுத்துத் தருவான். மலையடிக்கு இவை போதாது.

முதலாவது, நிலம் எந்த வழியில் வந்தது என்று பார்க்க வேண்டும். சேத்தூர் போன்ற ஜமீன் பகுதிகள் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ரயத்துவாரி முறைக்கு வந்தவை. அதற்கு முந்தைய ஜமீன் காலக் காகிதத்தை மட்டும் காட்டி விற்க வந்தால் ஏமாறக் கூடாது. அரசு ஏழைகளுக்கு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம், 1892 முதல் பட்டியல் இன மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம், ஓடைப் புறம்போக்கு ஆகியவை எந்தப் பெயரில் விலைக்கு வந்தாலும் தொடக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிறருக்கு உரியதை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவது வணிக தர்மமும் அல்ல.

இரண்டாவது, 'பண்ணை நிலம்' என்ற பெயரில் பத்து சென்ட், இருபது சென்ட் என்று கூறுபோட்டு விற்பது. விவசாய நிலத்தைப் பிரித்து விற்றுவிட்டால் அது வீட்டு மனை ஆகிவிடாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் தடை விதித்தது. பிறகு 2017-ல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் வழி செய்தன. நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் இல்லாத மனைக்கு வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. பின்னால் விற்கவும் முடியாது.

மூன்றாவது, மலைக்குரிய தனி விதிகள். தமிழக அரசு 1990-ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் ஒன்றை அமைத்தது. அதிகாரிகள் 'ஹாகா' என்பார்கள். அதன் பட்டியலில் உள்ள கிராமத்தில் கட்டடம் கட்ட முன் அனுமதி வேண்டும். நாம் பார்க்கும் கிராமம் அந்தப் பட்டியலில் உண்டா, காப்புக்காட்டு எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்பவற்றை வனச்சரக அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். வாய்மொழி உதவாது.

நான்காவது, பாதையும் மின்சாரமும். வண்டி போகும் தடம் பத்திரத்தில் இருக்கிறதா, அல்லது பக்கத்துத் தோப்புக்காரர் தயவில் போகிறோமா என்று பாருங்கள். கிணற்று மோட்டாருக்குள்ள இலவச விவசாய மின்சாரத்தில் வீட்டு விளக்கு எரிப்பது குற்றம். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

யானை பட்டா பார்ப்பதில்லை

நம் மேற்கு மலை வெறும் மலை அல்ல. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் என அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. அந்தப் பக்கம் கேரளத்துப் பெரியாறு காடு. இரண்டுக்கும் இடையே யானைக் கூட்டங்கள் காலம் காலமாக நடக்கின்றன. மா காய்க்கும் காலத்திலும், தண்ணீர் வற்றும் காலத்திலும் அவை தோப்புக்குள் இறங்குகின்றன. தென்னங்குருத்தைத் தின்ன மரத்தையே சாய்த்துவிடுகின்றன. தோப்பு வைத்திருப்பவர்கள் இந்த நட்டத்தை அறிவார்கள்.

தோப்பு என்றால் போவது மரம். குடியிருப்பு என்றால் நிலைமை வேறு. கடை அடைத்து இரவு பத்து மணிக்குத் தனியாக வண்டியில் திரும்பும் பாதையும், யானை இறங்கும் பாதையும் ஒன்றாக இருந்தால் என்ன செய்வது? காட்டுப்பன்றித் தொல்லைக்கும் நினைத்தபடி எதுவும் செய்ய முடியாது. 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் பன்றியைச் சுடலாம்; அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும். மின்வேலி போடவும் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வேண்டும். நேரடியாக மின்கம்பியை இழுத்து வேலி போட்டால் யானை சாகும், பக்கத்துத் தோப்பு ஆளும் சாவான், போட்டவர் சிறைக்குப் போவார்.

நீலகிரியில் நடந்ததை நினைவில் வையுங்கள். மசினகுடிப் பக்கம் சீகூர் யானை வழித்தடத்தை 2010-ல் அரசு அறிவித்தது. அங்கே விலை கொடுத்து வாங்கி, விடுதி கட்டி, நல்ல வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள் பத்து வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது; ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. நம் மலையடியும் சீகூரும் ஒன்றல்ல. ஆனால் காட்டை ஒட்டிய நிலத்தில் இன்றைய நிலைமை நாளை மாறலாம் என்பது பாடம். மாமரம் நிற்கும் நிலத்துக்கு அந்த மாற்றத்தால் வரும் கேடு குறைவு. மாடி வீடு நிற்கும் நிலத்துக்கு அதிகம்.

தண்ணீரும் நெருப்பும் கூட இங்கே சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ பல உயிர்களைக் குடித்தது. கோடையில் வறண்டு கிடக்கும் ஓடையைப் பார்த்து, தண்ணீர் வராத இடம் என்று அதன் கரையிலேயே அஸ்திவாரம் தோண்டக் கூடாது. நமக்கு மழை தருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. அந்த மாதங்களில் ஒருமுறை போய்ப் பார்த்தவரே அந்த இடத்தை உண்மையில் பார்த்தவர்.

ஊர்த் தண்ணீரும் நம் வியாபாரமும்

இதுவரை சொன்னது தனி மனிதன் லாப நட்டம். ஊருக்கு உள்ள லாப நட்டம் ஒன்றும் இருக்கிறது.

ராஜபாளையம் மக்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அய்யனார் கோயில் மலையிலிருந்து இறங்கி ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருவது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பும், வத்திராயிருப்புக்குப் பிளவக்கல் அணையும் அப்படியே. இந்த மலையடித் தோப்புகள்தான் மழைநீரை மண்ணில் இறக்கி, ஊர்க் கிணறுகளுக்கு அனுப்புகின்றன. தோப்பு அழிந்து மனையாகி, ஒவ்வொரு மனையிலும் ஒரு ஆழ்குழாய் இறங்கினால், மேற்கே குடித்ததற்குக் கிழக்கே இருப்பவன் தாகத்தால் வட்டி கட்ட வேண்டும்.

மலையடியின் விளைச்சல் நம் கடைவீதியின் சரக்கு. ராஜபாளையம் சப்பட்டை மாம்பழமும் பஞ்சவர்ணமும் வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கின்றன. தேங்காயும் புளியும் கமிஷன் மண்டிக்கு வருவதும் அங்கிருந்துதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாலுக்கு மாடு வேண்டும், மாட்டுக்குத் தீவனமும் மேய்ச்சலும் வேண்டும். தோப்பும் புல்லும் போய்க் காம்பவுண்டுச் சுவர் வந்தால், வெளியூர்ப் பழத்தையும் வெளியூர்ப் பாலையும் வாங்கி விற்க வேண்டிய நாள் வரும். மனை விற்றவருக்கு ஒரு நாள் லாபம். மண்டிக்காரருக்கும் கடைக்காரருக்கும் வருடா வருடம் நட்டம்.

யார் போகலாம்?

யாருமே போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, மீதிக் காலத்தைத் தோப்பு வேலையில் கழிக்க நினைக்கும் பெரியவர்கள், உடம்பில் தெம்பு உள்ளவரை போகலாம். ஆனால் நெஞ்சுவலி என்றால் எத்தனை நிமிடத்தில் ஆஸ்பத்திரி சேர முடியும் என்பதை முதலில் ஒருமுறை இரவில் வண்டி ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குப்பிள்ளையும் கிட்டங்கி ஆட்களும் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு குறைவு, அவர்களும் யோசிக்கலாம். மற்றவர்கள் மூன்று மாதம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். அதில் ஒரு மாதம் கார்த்திகையாகவும் ஒரு மாதம் சித்திரையாகவும் இருக்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் காப்புக்காட்டை ஒட்டி அல்லாமல், பஸ் போகும் சாலையில், ஏற்கனவே ஊர் இருக்கும் இடத்தில், அங்கீகாரம் பெற்ற மனையாகப் பார்க்கட்டும்.

காற்று வேண்டும், அமைதி வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் கடைக்கு விடுமுறை விடுங்கள். அந்த நாளில் குடும்பத்தோடு தோப்புக்குப் போய், பகலெல்லாம் இருந்து, பொழுது சாய்வதற்குள் திரும்புங்கள். வாரம் ஏழு நாளும் கடையில் கிடந்து மூச்சு முட்டுவதற்கு மருந்து வீடு மாற்றுவது அல்ல, ஒரு நாள் ஓய்வுதான். இதை ஒரு தெருவில் எல்லோரும் சேர்ந்து செய்தால் யாருக்கும் வியாபாரம் போகாது.

சங்கம் செய்ய வேண்டியது

நம் சங்கம் இதில் வாய்மூடி இருக்கலாகாது. நிலம் வாங்கும் உறுப்பினர்களின் பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல மாதம் ஒரு நாள் ஒரு வழக்கறிஞரையும் ஓய்வு பெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஒருவரையும் சங்கக் கட்டடத்துக்கு அழைக்கலாம். ஏமாந்த பிறகு வழக்குக்குச் செலவழிப்பதைவிட இது மலிவு. அங்கீகாரம் இல்லாத மனை விளம்பரங்களைச் சங்க மலரிலும் காலண்டரிலும் போடுவதில்லை என்று தீர்மானம் செய்யலாம். தோப்பு வைத்திருப்பவர்களுக்கு யானையால் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கிடைக்கவும், முறையான சூரிய மின்வேலிக்கு உதவி கிடைக்கவும் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். தோப்பு லாபமாக நடந்தால்தான் அது மனையாகாமல் இருக்கும்.

மேற்கே நிலம் விலைக்கு வரும்போதெல்லாம் நம் காதில் விழுவது, இன்று விட்டால் நாளை கிடைக்காது என்ற பேச்சு. சரக்கு விற்கும்போது நாமும் சில சமயம் சொல்கிற பேச்சுத்தான் அது. சொல்பவருக்கு அதில் அவசரம் இருக்கிறது. வாங்குகிற நமக்கு அந்த அவசரம் எதற்கு?